அப்பாவின் பழைய பிக்கப்பை விற்க நான் பட்ட பாடு

அப்பா தவறிய பிறகு அவருடைய பழைய பிக்கப்பை விற்று முடிக்க எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. நிலப் பட்டா, வங்கிக் கணக்கு, இன்சூரன்ஸ் எல்லாம் அதற்குள் முடிந்துவிட்டன. தோப்புச் சாளையில், அதாவது கொட்டகையில், ஓடாமல் நின்ற இந்த ஒரு வண்டிதான் என்னை அலைக்கழித்தது. ஓடுகிற காரை விற்கப் போகிறேன் என்றால் ஆளுக்கு ஆள் யோசனை சொல்வார்கள். ஓடாத, பெயின்ட் உரிந்த, காகிதம் பாதி இருந்து பாதி இல்லாத பழைய சரக்கு வண்டியை எப்படி விற்பது என்று சொல்ல எனக்கு ஆள் கிடைக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால் நான் அலைந்ததில் பாதியாவது உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

வண்டி மஹிந்திராவின் பார்வர்டு கன்ட்ரோல் 160, 1969 மாடல். அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1950களின் பிற்பாதியில் கொண்டுவந்த வடிவம் இது. அங்கே 1965 வாக்கில் நின்றுபோனது, அதே சமயத்தில் இங்கே மஹிந்திரா செய்ய ஆரம்பித்தது. எஞ்சின் ஜீப்பினுடையதுதான், ஆனால் முன்னால் பானட் கிடையாது. டிரைவர் முன் அச்சுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பார், அவருக்கும் பக்கத்து ஸீட்டுக்கும் நடுவில் எஞ்சின் பெட்டி. அப்பா இதை 1980களில் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். எங்கள் உடுமலைப் பக்கத் தோப்பிலிருந்து தேங்காயும் மட்டையும் ஏற்றிப் பொள்ளாச்சி போய் வரும். சின்ன வயதில் எஞ்சின் பெட்டி மேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு என்னை உட்காரவைப்பார். மடித்த சாக்கையும் தாண்டி சூடு ஏறும். பெட்ரோல் கட்டுப்படியாகாமல் ஒரு கட்டத்தில் டீசல் எஞ்சினுக்கு மாற்றினார். கழற்றிய பெட்ரோல் எஞ்சினை எடைக்குப் போடவில்லை. சாளை மூலையில் சாக்குப் போட்டு மூடி வைத்தார். அது ஏன் முக்கியம் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் வந்தவர் பழைய இரும்பு வியாபாரி. அப்பாவின் காரியம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. "ஏனுங்கம்மிணி, இதைய வெச்சுட்டு என்ன பண்ணப் போறீங்க? முப்பதாயிரம் தர்றேன், நாளைக்கே எடத்தக் காலி பண்ணித் தந்தர்றேனுங்க" என்றார். அம்மாவுக்கு அதுவே பெரிதாகத் தெரிந்தது. எனக்கோ அந்தத் தொகை சரியா தப்பா என்றே தெரியவில்லை. அன்றைக்கு யாராவது ஒரு சின்னக் கணக்கைச் சொல்லியிருந்தால் போதும். ஆர்.சி. புத்தகத்தைத் திறந்தால் வண்டியின் வெற்று எடை எழுதியிருக்கும். அதை உங்கள் ஊரில் அன்றைக்குப் பழைய இரும்பு போகும் விலையோடு பெருக்குங்கள். எங்கள் வண்டிக்கு அது நாற்பதாயிரத்தைத் தொட்டது. மூலையில் கிடந்த எஞ்சின் தனி. ஆக, முப்பதாயிரம் என்பது இரும்பு விலைக்கும் கீழே. இந்த அடிமட்ட விலை மனதில் இருந்தால் எவ்வளவு அவசரத்திலும் அதற்குக் கீழே இறங்க மாட்டீர்கள். இன்னொன்று, இரும்புக் கடைக்கே போடுவதாக இருந்தாலும் ஆர்.சி.யை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ரத்து செய்யாமல் போடாதீர்கள். வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த உங்கள் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யும் வேறு எந்த வண்டிக்குப் போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது.

அடுத்து சொந்தக்காரர்கள் சொன்ன யோசனை, டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடித்து விற்பது. ஒரு பட்டறையில் விசாரித்தேன். தகடு வேலை, பெயின்ட், எஞ்சினை ஓட வைப்பது எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்றார்கள். நகையை வைத்தாவது செய்துவிடலாமா என்று ஓரிரு நாள் மனம் அலைபாய்ந்தது. தடுத்தவர் அப்பாவுக்கு வருஷக்கணக்காக வண்டி பார்த்த வயதான மெக்கானிக். "கண்ணு, பட்டி பூசுன வண்டியப் பார்த்தா வாங்கறவனுக்குச் சந்தேகந்தான் வரும். துரு தெரிஞ்சா தெரியட்டும். உள்ளது உள்ளபடி இருந்தாத்தான் தெரிஞ்சவன் வருவான்" என்றார். தகட்டின் ஓட்டையையும் பள்ளத்தையும் அடைக்கப் பூசும் மாவு போன்ற பூச்சுதான் பட்டி. கடைசியில் வாங்கியவர் வந்தபோதுதான் அந்தப் பேச்சின் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது. அவர் துணியில் சுற்றிய ஒரு காந்தத்தைக் கொண்டுவந்திருந்தார். கதவின் கீழ் விளிம்பு, கால் வைக்கும் படி, பின்தொட்டியின் மூலைகள் என்று மெதுவாக நகர்த்திக்கொண்டே போனார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் சட்டென்று ஒட்டியது. பட்டி போட்டு அடைத்திருந்த ஒரே ஓர் இடத்தில் நழுவி அவர் கைக்கே திரும்பியது. "இங்க மட்டும் யாரோ வேலை பார்த்திருக்காங்க, மத்ததெல்லாம் பழைய தகடேதான்" என்று சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. ஒன்றரை லட்சம் செலவழித்து வண்டி முழுக்கப் பட்டி பூசியிருந்தால் அந்த மனிதர் வந்த வழியே போயிருப்பார்.

செய்யவேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான்: வண்டி உருள வேண்டும். வருஷக்கணக்கில் நின்றதில் பிரேக் டிரம்மோடு ஷூ துருவில் ஒட்டிக்கொண்டு நாலு சக்கரமும் இறுகிவிட்டன. மெக்கானிக் டிரம்மைக் கழற்றித் தேய்த்து விட்டார். இரண்டு சக்கரத்துக்குப் பழைய டயரும் டியூபும் வாங்கிப் போட்டேன். டேங்க்கின் அடியில் கெட்டுப்போன டீசல் பிசின் பிடித்துக் கிடந்தது, அதை வடித்தோம். ஸீட்டுக்குக் கீழே எலிக்கூடு, கூரை மடிப்பில் குளவிக்கூடு. பாம்பு இருக்கும் என்று பயந்துதான் கை வைத்தோம், நல்லவேளையாக இல்லை. அப்புறம் வெறும் தண்ணீர் விட்டுக் கழுவினோம், பாலிஷ் எதுவும் போடவில்லை. எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய். இந்தச் செலவு வீணே இல்லை. உருளாத வண்டியை ரெக்கவரி வண்டியில் ஏற்ற ஆளும் கிரேனும் வேண்டும். அந்தச் செலவைப் பயந்தே வாங்குபவர் விலையில் பெரிய தொகையைக் குறைத்துவிடுவார்.

இனி காகிதம். என் ஒரு வருஷத்தில் பெரும்பகுதியைத் தின்றது இதுதான். ஆர்.சி. பழைய கையெழுத்துப் புத்தகம், மூன்றெழுத்துப் பதிவு எண், சரக்கு வண்டியாகப் பதிவு. எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று, முடிந்து வருஷங்கள் ஆகியிருந்தன. அப்பா வண்டியை நிறுத்திய புதிதில், ஓடவில்லை என்று எழுதிக் கொடுத்து வரி நிறுத்தம் வாங்கியிருக்கிறார். உடம்பு முடியாமல் போன பிறகு அதைப் புதுப்பிக்கவில்லை. அந்தக் காலத்துக்கெல்லாம் வரியும் அபராதமும் ஏறி நின்றது, 27,000 ரூபாய் கட்டினேன். சாளையில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டிக்குச் சாலை வரியா என்று பணம் கட்டும் ஜன்னல் முன்னால் நின்றபோது அழுகையே வந்துவிட்டது. சரக்கு வண்டி வைத்திருக்கும் யாராக இருந்தாலும், ஓடாத வண்டிக்கு எழுத்தில் நிறுத்த அறிவிப்புக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வயதான பெற்றோரின் பெயரில் வண்டி இருந்தால் இதை இன்றைக்கே கேட்டுப் பார்த்துவிடுங்கள்.

உரிமையாளர் இறந்துவிட்டால் சட்டப்படி 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்புறம் படிவம் 31இல் வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் அதோடு போக வேண்டும். எங்கள் வீட்டில் அம்மா, நான், பெங்களூரில் இருக்கும் தங்கை மூவரும் வாரிசுகள். தங்கையின் கையெழுத்து மட்டும் பாக்கி என்பதாலேயே வாங்க வந்த ஒருவர் "எல்லாம் ரெடியானதும் சொல்லுங்க" என்று போய்விட்டார். சான்றிதழ் வாங்கும்போதே பல நகல் எடுத்து, எல்லா வாரிசுகளும் ஒரே ஊரில் கூடியிருக்கும் நாளில் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். துக்க வீட்டில் இதை எப்படிப் பேசுவது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பிறகு ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு கூரியரில் காகிதம் அனுப்புவது அதைவிடப் பெரிய வேதனை.

அடுத்த சிக்கல், வண்டி கணினியிலேயே இல்லை. இவ்வளவு பழைய பதிவுகளைப் பழைய ரிஜிஸ்டரைப் பார்த்து அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாஹனில் ஏற்ற வேண்டும், பேக்லாக் என்ட்ரி என்கிறார்கள். அது ஏறாமல் வரிகூடக் கட்ட முடியாது. இதற்காகப் பிடித்த ஏஜென்ட் ஒருவர் 12,000 ரூபாய் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் "அடுத்த வாரம்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், பிறகு போனே எடுக்கவில்லை. அந்தப் பணம் திரும்பவில்லை. கடைசியில் நானே அலுவலகத்துக்குப் போய், பி ரிஜிஸ்டர் நகல் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வண்டி முதலில் பதிவானதிலிருந்து எத்தனை கை மாறியது, எஞ்சின் எப்போது மாறியது, கடன் இருந்ததா என்பதெல்லாம் அந்தப் பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்தபோதுதான் எங்கள் ஆர்.சி.யில் சேஸிஸ் நம்பரின் ஓர் இலக்கம் மங்கி 6 ஆகவும் 8 ஆகவும் வாசிக்கும்படி இருப்பது தெரிந்தது. அதை வண்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்பார்த்து நிரூபிக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. சேஸிஸில் எண் பொறித்த இடம் துருவேறிக் கிடந்தால் கிரைண்டரோ கம்பி பிரஷ்ஷோ வைத்துத் தேய்க்க விடாதீர்கள். எண்ணைச் சுற்றித் தகடு பளபளத்தால், திருத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அதைத் தெளிய வைக்க அலைந்தே மாய்ந்துவிடுவீர்கள். எங்கள் மெக்கானிக் பழைய பனியன் துணியைத் தின்னரில் நனைத்து, துருவின் மேல் கொஞ்ச நேரம் ஒற்றி வைத்தார், பிறகு துடைத்தார். திரும்ப ஒற்றினார், திரும்பத் துடைத்தார். கறுப்பும் செம்மண் நிறமுமாகத் துணி ஊறிக்கொண்டே வந்து, அடியிலிருந்து எழுத்துகள் ஒவ்வொன்றாக எழும்பின. அப்புறம் அதன் மேல் வெள்ளைத் தாளை அழுத்திப் பிடித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தார். எண் தாளில் இறங்கியது, 8தான். பென்சில் பிரிண்ட் எடுக்கும்போது ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்தாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மேஜையிலும் ஒன்று கேட்பார்கள், வண்டியோ ஊரில் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகும் ஒரு முட்டுச்சந்து இருந்தது. எஃப்சி இல்லாமல் பெயர் மாற்றம் நடக்காது என்றார்கள். எஃப்சிக்கு வண்டி ஓடி அங்கே போய் நிற்க வேண்டும். ஓடாத வண்டியை ஓட வைப்பது வாங்குபவரின் வேலை. ஆக, விற்ற பிறகும் பல மாதம் ஆர்.சி. அப்பா பெயரிலேயே இருக்கும். இப்படி நிற்கும் வண்டிகளை எப்படிக் கைமாற்றுகிறார்கள் என்று விசாரித்தால், "ஓபன் ஃபாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க, அவங்க பார்த்துக்குவாங்க" என்பார்கள். வேண்டாம். வாங்குபவர் பெயர் எழுதாத படிவத்தில் கையெழுத்துப் போட்டால் வண்டி யாரிடம் போகிறது என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் வண்டி கைமாறிக் கைமாறி எங்கோ போயிருந்தது, பொறுப்பு மட்டும் பதிவில் பெயர் இருந்தவர் மேல் நின்றது. வக்கீல் ஒருவர் இதைச் சொன்ன நாள் இரவு எனக்குத் தூக்கமில்லை. நாங்கள் இதை எப்படிச் சமாளித்தோம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

காகிதம் ஓரளவு தேறியதும் விளம்பரம் போட்டேன். "லாஸ்ட் பிரைஸ் என்ன?" என்று மட்டும் கேட்டு வைத்துவிடுபவர்கள்தான் பாதிப்பேர். ராணுவத்தில் இருப்பதாகச் சொன்ன ஒருவர், வண்டியைப் பார்க்காமலே வாங்கிக்கொள்வதாகவும் அட்வான்ஸ் அனுப்புவதாகவும் சொல்லி ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டால் பணம் வந்துவிடுமாம். நமக்குப் பணம் வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். அதைப் போட்டால் நம் பணம்தான் போகும். உடனே துண்டித்துவிட்டேன். யாராவது இதில் சிக்கியிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

நேரில் வந்தவர்களில் பலர் என்னிடம் பேசவே தயங்கினார்கள். "வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு, தோப்புக் காவல்காரரிடம் திரும்பி விலை பேசுவார்கள். ஒவ்வொரு முறையும் உள்ளுக்குள் கொதித்தது. சேஸிஸ் நம்பரை மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்கு அந்த வண்டியோடு மல்லுக்கட்டியவள் நான்தான். இதற்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி, அவர்கள் கேட்கும் முன்பே வண்டியின் குறைகளை வரிசையாகச் சொல்லிவிடுவது. இடது பக்கத் தளத்தகட்டில் ஓட்டை, முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின்னில் ஆட்டம், முன் கண்ணாடியில் கீறல், வயரிங் முழுக்க எலி கடித்தது, டீசல் எஞ்சின் திரும்பும் ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. இவற்றை விளம்பரத்திலும் அப்படியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தில் எடுத்த படம் போட்டேன். அதற்குப் பிறகு பொழுதுபோக்குக்குக் கூப்பிடுபவர்கள் குறைந்தார்கள், வந்தவர்களும் குறையைக் காட்டி விலையடிக்க முடியவில்லை.

இரண்டு சம்பவங்களைச் சொல்லியே ஆகவேண்டும். ஒருவர் 5,000 ரூபாய் டோக்கன் கொடுத்தார். இரண்டு வாரத்தில் மீதியோடு வருவதாகப் பேச்சு. அந்த நம்பிக்கையில் கேட்டு வந்தவர்களை எல்லாம் திருப்பி அனுப்பினேன். இரண்டு வாரம் இரண்டு மாதமானது. கடைசியில் வந்து, பேசிய விலையில் பாதிக்குக் கொடுங்கள் என்றார். ஆட்களை விலக்கிவைப்பதற்காகவே சிலர் டோக்கன் கொடுப்பது உண்டு என்று மெக்கானிக் சொன்னார். டோக்கன் வாங்கினால் மொத்த விலை, கடைசித் தேதி, அந்தத் தேதி தாண்டினால் டோக்கன் திரும்பாது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் என்னிடம் ஆர்.சி.யை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார், மற்றவர் வண்டிக்குள் ஏறிப் பார்த்தார். வீட்டில் கலந்துவிட்டுச் சொல்வதாகப் போய்விட்டார்கள். சாயங்காலம் கதவைச் சாத்தப் போனபோதுதான் கவனித்தேன். டேஷ்போர்டு முழுக்கச் செம்மண் தூசி படிந்திருக்க, மீட்டர் இருந்த இடத்தில் மட்டும் சுத்தமான ஒரு வட்ட ஓட்டை. ஸ்க்ரூ நாலும் தரையில் கிடந்தன. போன் நம்பர் அணைக்கப்பட்டிருந்தது. அப்பா டிரைவர் ஸீட்டில் உட்கார்ந்து புறங்கையால் அந்த மீட்டரின் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். போலீசுக்குப் போகும் அளவுக்கு எனக்குத் தெம்பில்லை. இந்தப் பழைய வண்டிகளுக்கு மீட்டர், விளக்கு வளையம், பெயர்த் தகடு, கைப்பிடி போன்றவைதான் கிடைப்பது அரிது. வண்டியை யாருக்கும் காட்டும் முன் உள்ளும் புறமும் வீடியோ எடுத்து வையுங்கள். கழற்ற முடிகிற சின்னப் பாகங்களைக் கழற்றி வீட்டில் பூட்டி, கேட்டால் காட்டுங்கள். பார்க்க வருபவர் இருவர் என்றால் உங்கள் பக்கமும் இருவர் நில்லுங்கள்.

ஒரு புரோக்கர் "வின்டேஜ்னு போட்டு மூணு லட்சம் சொல்லுங்க" என்றார். 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதியைச் சொன்னார். 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற எழுத்துகளோடு தனி எண், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம், பத்து வருஷம் செல்லும். உண்மைதான். ஆனால் முழுதாகப் படித்துப் பார்த்தால் அது இருசக்கர வண்டிகளுக்கும் பயணிகள் காருக்கும் உரியது. சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. தினசரி ஓட்டத்துக்கும் வியாபாரத்துக்கும் ஓட்டக் கூடாது. சரக்கு வண்டியாகப் பதிவாகி, டீசலுக்கு மாறிய எங்கள் பிக்கப்புக்கு அது பொருந்தவே இல்லை. பொருந்தாததைச் சொல்லி விற்க எனக்கு மனமில்லை, அவரை அனுப்பிவிட்டேன்.

கடைசியில் வாங்கியவர் கோயமுத்தூர்க்காரர். ஏற்கெனவே இரண்டு பழைய ஜீப்களைத் தானே பிரித்துக் கோத்தவர். காந்தத்தோடு வந்த மனிதர் இவர்தான். வண்டிக்கு அடியில் சாக்கை விரித்துப் படுத்து டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது என்று சொன்னதும் எழுந்து வந்து சாக்கை விலக்கினார். இன்லெட் வால்வு மேலே ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும் அமைப்பை எனக்கு விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இதப் பத்திரமா வெச்சிருந்தாருங்களே உங்கப்பா!" என்றார். அப்பாவைப் பற்றி ஒருவர் அப்படிச் சொல்லிக் கேட்டது எனக்கு அந்த வருஷத்திலேயே பெரிய ஆறுதல். வண்டியைவிட அந்த எஞ்சினுக்காகவே அவர் விலை கூட்டினார். ஆகவே மூலையில் கிடப்பது எதையும், உடைந்த கார்புரேட்டரோ பழைய ரசீதோ எதுவாக இருந்தாலும், விற்று முடியும்வரை எடைக்குப் போடாதீர்கள்.

நான் 2,20,000 சொன்னேன், அவர் 1,50,000இல் ஆரம்பித்தார். 1,85,000இல் படிந்தது, மீட்டர் இல்லாததற்கு 15,000 கழித்தார். ரெக்கவரி வண்டிச் செலவு அவருடையது என்பதை விலை பேசும்போதே பேசிக்கொண்டோம். முழுத் தொகையும் அம்மாவின் வங்கிக் கணக்கில் ஏறிய குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகுதான் வண்டியை ரெக்கவரி வண்டியின் வின்ச் கம்பியில் மாட்ட விட்டேன்.

பெயர் மாறாத காலத்துக்கு நாங்கள் செய்தது இதுதான். முத்திரைத்தாளில் விற்பனை ஒப்பந்தம் எழுதினோம். வாரிசுகள் மூவரும் அவரும் கையெழுத்திட்டோம். வண்டி ஓடாத நிலையில் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக் கொடுக்கப்படுகிறது, எஃப்சியும் இன்சூரன்சும் வாங்காமல் சாலையில் இறக்கக் கூடாது, இன்ன தேதிக்குள் பெயர் மாற்ற வேண்டும், அதுவரை வேறு யாருக்கும் விற்கக் கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதினோம். டெலிவரி நோட்டில் தேதியோடு மணியும் போட்டோம், ஆதார் நகல் இணைத்தோம். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் அவர் பெயர், முகவரி முழுதாக நிரப்பிய பிறகே கையெழுத்துப் போட்டோம். விற்ற தகவலை 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். படிவம் 29இன் நகலோடு ஒரு கடிதம் எழுதி, பதிவுத் தபாலிலும் அனுப்பி நேரிலும் கொடுத்து முத்திரை வாங்கினேன். அதிலேயே வண்டி ஓடவில்லை என்ற நிறுத்த அறிவிப்பையும் சேர்த்தேன். இவ்வளவும் செய்தால்கூடப் பொறுப்பு முழுதாக நீங்கிவிடாது, பெயர் மாறினால்தான் நீங்கும் என்று வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார். அதனால் ஒப்பந்தத்தில் போட்ட தேதி நெருங்க நெருங்க வாங்கியவருக்குப் போன் பண்ணிக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் நல்லவர், கோபப்படவில்லை, வேலை நடக்கும் படங்களை அனுப்பினார்.

வரி, ஏஜென்ட், டயர் வேலை, முத்திரைத்தாள், நகல் செலவு எல்லாம் கழித்து எங்களுக்கு நின்றது 1,20,000 சொச்சம். ஏஜென்டும் மீட்டரும் மட்டும் 27,000 ரூபாயைத் தின்றிருக்கின்றன, வரி பாக்கியும் கிட்டத்தட்ட அதே அளவு. எஃப்சி முடிந்து பெயர் மாறியதாக அவர் சொன்ன அன்றே பரிவாஹன் தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், உரிமையாளர் இடத்தில் அவருடைய பெயரின் எழுத்துகள் இருந்தன. அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஒப்பந்தத்தோடு வைத்துக்கொண்டேன், தங்கைக்கும் ஒரு நகல் அனுப்பினேன். போன வாரம் சாளையைச் சுத்தம் பண்ணும்போது பரணில் அந்த வண்டியின் ஸ்பிரிங் பட்டைகள் இரண்டும் ஒரு ஜாக்கியும் கிடைத்தன. அவருக்குச் சொல்லியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.